துவாரத்தின் சாயல்: லென்ஸின் இதழ்களும் பின்புலத்தின் மங்கலும்



 ஒளிச் சாஸ்திரத்தில் தேர்ச்சியும் புகைப்படக் கலையில் தீராத ஈடுபாடும் ஒருங்கே வாய்த்திருந்த ஒரு பெரியவரின் நினைவாக ஏற்பட்ட இந்த அறக்கட்டளையில் பேச வருகிறவன், சாஸ்திரத்துக்கும் கலைக்கும் பொதுவானதொரு விஷயத்தை எடுத்துக்கொள்வதே நியாயம் என்று எண்ணினேன். அவ்வாறு எண்ணியபோது என் மனத்தில் முதலில் வந்து நின்றது, ஒரு படத்தில் எல்லோரும் பார்க்கும் முகமன்று. அந்த முகத்துக்குப் பின்னால், யாரும் நின்று பாராமல் கடந்துபோகிற மங்கலான பின்புலமே.

நல்ல உருவப்படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இமையின் ஒவ்வொரு ரோமமும் எண்ணிவிடலாம்போல் துலங்கி நிற்க, அதற்குப் பின்னால் இருந்த மரமும் சுவரும் தெருவிளக்குகளும் தம் எல்லைகளை இழந்து, நீரில் கரைந்த வர்ணங்களைப்போல ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. தெளிவாக இருப்பதைத்தான் லென்ஸ் செய்தது என்றும், மங்கலாக இருப்பது லென்ஸ் செய்யாமல் விட்டது என்றும் நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். வாஸ்தவத்தில் அந்த மங்கலும் லென்ஸின் சிருஷ்டியே; அதற்கும் வடிவமும் குணமும் தோஷமும் உண்டு; அவற்றைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு, லென்ஸுக்குள் மறைந்திருக்கும் சில மெல்லிய உலோக இதழ்களைச் சேர்ந்தது. அந்த இதழ்களின் கதையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

புங்கமரத்து நிழலில் உட்கார்ந்திருக்கும் எவரும் தரையில் சிதறிக் கிடக்கும் வெயில் வட்டங்களைக் கண்டிருப்பர். இலைகளுக்கு இடையே உள்ள சந்துகள் கோணல்மாணலாக இருக்க, அவற்றின் வழியே விழும் வெயில் மட்டும் ஏன் வட்டமாக விழுகிறது என்று கேட்டால், அந்த வட்டம் சந்தின் வடிவமன்று, சூரியனின் பிம்பம் என்பதே விடை. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, சூரியன் வளையமாகி நின்ற அந்தச் சில நிமிஷங்களில், சிறு துளைகள் வழியே விழுந்த வெயிலும் வளையமாகவே விழுந்ததைக் கண்டவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். துளை சிறிதாகவும், ஒளி தரும் பொருள் பெரிதாகவும், விழும் இடம் தொலைவாகவும் இருந்தால், பிம்பம் பொருளின் சாயலைக் கொள்கிறது என்பது இதனால் பிரத்தியட்சம்.

இனி இதைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். ஒளி தரும் பொருள் ஒரு புள்ளியாகவும், துளை பெரிதாகவும் இருந்தால் என்ன ஆகும்? அப்போது விழும் ஒளி துளையின் சாயலைக் கொள்ளும். லென்ஸுக்குள் நடப்பது இதுவே. அருகிலுள்ள முகத்துக்கு லென்ஸைக் குவித்திருக்கையில், தொலைவிலுள்ள தெருவிளக்கின் கிரணங்கள் லென்ஸின் துவாரம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு உள்ளே வந்து, கூம்புபோல் ஒடுங்கி, பிலிமையோ உணரியையோ சேருவதற்கு முன்பே ஒரு புள்ளியில் கூடிவிட்டு, அதற்கப்பால் மீண்டும் விரிகின்றன. விரியும் அந்தக் கூம்பைக் குறுக்கே வெட்டினாற்போல் விழும் தழும்பே நாம் காணும் ஒளிவட்டம். முதலில் ஒடுங்கிய கூம்பின் அடிப்பாகம் துவாரம். துவாரம் வட்டமானால் தழும்பு வட்டம். துவாரம் ஐங்கோணமானால் தழும்பும் ஐங்கோணம். கறுப்பு அட்டையில் இதய வடிவமாக ஓட்டை வெட்டி லென்ஸின் முகப்பில் பொருத்திப் படமெடுத்தால், தொலைவிலுள்ள விளக்குகளெல்லாம் இதயங்களாகிவிடும். வீட்டுப் பிள்ளைகள்கூட இதைச் செய்து பார்க்கலாம். ஆகவே, பின்புலத்தில் ஒளிரும் ஒவ்வொரு வட்டமும் விளக்கின் படமாகத் தோன்றினாலும், உண்மையில் அது லென்ஸின் துவாரம் தன்னைத் தானே வரைந்துகொண்ட படம்.

அந்த வட்டத்தின் பரிமாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப்-எண். 85 மில்லிமீட்டர் குவியத் தூரமும் 1.4 என்ற எஃப்-எண்ணும் உள்ள லென்ஸில் துவாரத்தின் விட்டம் ஏறக்குறைய 61 மில்லிமீட்டர். மிகத் தொலைவில் உள்ள ஒரு புள்ளி விளக்கின் கிரணங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே லென்ஸுக்கு வருவதால், நாம் குவித்திருக்கும் முகம் இருக்கும் இடத்தைக் கடக்கையிலும் அவை 61 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கற்றையாகவே கடக்கின்றன. எனவே, படத்தில் அந்த விளக்கு, முகத்தின் பக்கத்தில் 6 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் ஒளித்தட்டை நிறுத்திவைத்தாற்போலத் தோன்றும்! அதே லென்ஸை 2.8-க்குச் சுருக்கினால் அந்தத் தட்டு 3 சென்டிமீட்டராகும். 8-க்குச் சுருக்கினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அகன்ற துவாரமுடைய லென்ஸ்களைத் தொழில் செய்வோர் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்கிறார்கள். நிறைய ஒளியை உள்ளே விடுவதால் ஷட்டரை விரைவாக மூடலாம் என்பதால் அந்தப் பெயர். 5.6-ஐக் காட்டிலும் 1.4 பதினாறு மடங்கு ஒளியை விடும். சிறு துவார லென்ஸில் ஒரு பொட்டாகக் கிடக்கும் வடிவக் கோளாறு, இத்தகைய லென்ஸில் முகத்துக்குப் பக்கத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு நெருங்கி வந்து நிற்கும். இதழ்களின் அமைப்பைப் பற்றிய கேள்வி ஃபாஸ்ட் லென்ஸுக்கே அதிகம் பொருந்துவது இதனால்தான்.

காலக்கிரமத்தில் இந்தத் துவாரம் அடைந்த மாறுதல்களைப் பார்ப்போம். 1840-இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித நிபுணர் வகுத்து, ஃபாய்க்ட்லாண்டர் நிறுவனம் உருவாக்கிய உருவப்பட லென்ஸே அக்காலத்தின் ஃபாஸ்ட் லென்ஸ். மனிதர்கள் அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்த கஷ்டத்தை அது வெகுவாகக் குறைத்தது. துவாரத்தைச் சுருக்க ஓர் எளிய உபாயத்தை 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் கண்டார். லென்ஸின் குழலில் ஒரு பிளவு செய்து, வெவ்வேறு அளவில் துளையிட்ட பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாக அதில் செருகும் முறை அது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: தகட்டில் துளையிடுகிறவன் எந்த அளவில் துளையிட்டாலும் அது பூரண வட்டமாகவே அமையும். வடிவத்தைப் பொறுத்தவரை அதைவிட உயர்ந்த ஏற்பாடு பிறகு வரவேயில்லை. ஆனால் தகடுகள் தொலைந்துபோகும். ஒவ்வொரு முறையும் எடுத்து மாற்ற வேண்டும். இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட அளவும் கிடைக்காது. எனவே, நம் கண்ணின் கருவிழி தானே சுருங்கி விரிவதைப் போன்றதொரு யந்திரம் தகடுகளின் இடத்தைப் பிடித்தது. சௌகரியத்துக்காக வட்டத்தைச் சற்றே விட்டுக்கொடுத்த முதல் உடன்படிக்கை அது.

அந்த யந்திரத்தின் அமைப்பு மிகவும் அழகானது. பிறைபோல் வளைந்த மெல்லிய உலோக இதழ்கள் பல, ஒன்றன்மேல் ஒன்று தழுவியபடி வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இதழின் ஒரு முனையில் உள்ள முளை நிலையான வளையத்தில் பொருந்தியிருக்க, மறுமுனையில் உள்ள முளை சுழலும் வளையத்தின் காடியில் நழுவும். வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் அனைத்தும் ஒருங்கே நடுவை நோக்கிச் சாய்ந்து துவாரத்தைச் சுருக்கும். இதழ்கள் எத்தனையோ அத்தனை பக்கங்கள் உள்ள பலகோணமே மிஞ்சும் துவாரம். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு வட்டத்துக்குள் அடங்கிய ஒழுங்கான ஐங்கோணம் அவ்வட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய காற்பங்கை இழந்துவிடுகிறது. ஒன்பது கோணங்கள் இருந்தால் இழப்பு நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. பதினைந்து இருந்தால் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பரப்பைக் காட்டிலும் கண்ணை உறுத்துவது மூலை. ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. பதினைந்து கோணத்தின் மூலை 156 பாகை. முன்னது குத்துகிறது, பின்னதை மூலை என்று கண் உணர்வதேயில்லை.

ஆகையால் பழைய கைவினைஞர்கள் இதழ்களை வாரி வழங்கினார்கள். ஜெர்மனியின் கேர்லிட்ஸ் நகரத்து மேயர் நிறுவனம் செய்த 100 மில்லிமீட்டர் டிரையோபிளான் லென்ஸில் பதினைந்து இதழ்கள். லுட்விக் பெர்ட்டலே வகுத்த ஸோனார் லென்ஸை மூலமாகக் கொண்டு ஸோவியத் நாட்டில் தயாரான 85 மில்லிமீட்டர் ஜூபிடர்-9 லென்ஸிலும் பதினைந்து. அந்த ஜூபிடர் ஒன்று பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதை முதன்முதலாகக் கையில் வாங்கிய நாளில், படமெடுப்பதை மறந்து, வளையத்தைத் திருப்பித் திருப்பி அதன் இதழ்கள் மூடித் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லி மலர் ஒன்று ஓசையின்றிக் குவிவதுபோல அது குவிந்தது. பொட்டளவு சுருங்கியபோதும் வட்டம் வட்டமாகவே இருந்தது. பிறகு எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில், இரவு வீதியுலா வேளையில், குழந்தையைத் தோளில் ஏற்றி நின்ற ஒரு தகப்பனை அந்த லென்ஸால் 4 என்ற அளவில் படமெடுத்தேன். பின்னால் வீதி நெடுகத் தொங்கிய விளக்குச் சரங்கள் முத்துமாலைகளாக விழுந்திருந்தன. வேறொரு லென்ஸில், அதே இடத்தில், அதே அளவில் எடுத்த இன்னொரு படத்தில் ஒவ்வொரு முத்தும் ஐங்கோணமாக இருந்தது. இரண்டிலும் முகங்கள் சமமாகவே தெளிந்திருந்தன. ஆனால் முதற்படத்தில் கண் முகத்திலேயே தங்கியது; இரண்டாவதில் மூலைகளை எண்ணப் போய்விட்டது. இந்த விஷயத்தில் என் ஆராய்ச்சி அன்றுதான் தொடங்கியது.

இத்தனை இதழ்கள் பின்னாளில் ஏன் குறைந்தன? அதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. ஒரு நியாயமான தேவை இருந்தது. லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்துப் படமெடுக்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பெருகின. துவாரம் சுருங்கியிருந்தால் காட்சி இருண்டுவிடும். ஆகவே பார்க்கும்போது முழுவதும் திறந்திருக்க வேண்டும், விசையை அழுத்திய கணத்தில் குறித்த அளவுக்குச் சுருங்க வேண்டும். முதலில் இதைப் புகைப்படக்காரரே கையால் செய்தார். 1950-களிலிருந்து வில்விசை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இதழ்கள் சுருங்கி, துள்ளாமல், அதே அளவில் ஒவ்வொரு முறையும் நிற்க வேண்டுமானால், இதழ்கள் இலகுவாகவும் ஒன்றோடொன்று உராய்வது குறைவாகவும் இருக்க வேண்டும். பதினைந்து இதழ்களின் உராய்வை வெல்லும் வில்விசை எளிதன்று. எனவே இதழ்கள் எட்டாக, ஆறாக, சிலவற்றில் ஐந்தாகக் குறைந்தன. விரைவும் சௌகரியமும் கிடைத்தன, வட்டம் போயிற்று. இது உலகில் எத்தனையோ தொழில்களில் நடந்த கதைதான். கைவினையின் நிதானத்தில் இயல்பாக வாய்த்திருந்த ஒரு நயம், யந்திரத்தின் அவசரத்தில் முதலில் உதிர்ந்துவிடுகிறது. அது உதிர்ந்ததை உணர்வதற்கே ஒரு தலைமுறை ஆகிறது.

ஆனால் இந்தக் கதை இழப்போடு முடியவில்லை. இழந்ததை மீட்க இரண்டு வழிகள் பிறந்தன. முதலாவது, இதழின் உள்விளிம்பை நேர்கோடாக விடாமல் வில்லாக வளைப்பது. ஏழோ ஒன்பதோ வளைந்த இதழ்கள் சேர்ந்தால், பல நேர் இதழ்கள் தரும் வட்டத்தைக் காட்டிலும் செம்மையான வட்டம் அமையும். இரண்டாவது, வில்விசைக்கும் நெம்புகோலுக்கும் பதிலாக மின்சாரம். 1987-இல் கேனன் நிறுவனம் தன் இ.எஃப். வரிசையில் லென்ஸுக்குள்ளேயே சிறு மோட்டாரை வைத்து இதழ்களை இயக்கத் தொடங்கிற்று. அதே வரிசையின் மலிவான 50 மில்லிமீட்டர் லென்ஸ் 1990-இல் ஐந்து நேர் இதழ்களுடனும், 2015-இல் ஏழு வளைந்த இதழ்களுடனும் வெளிவந்ததை ஒப்பிட்டால், காலத்தின் ரசனை எப்பக்கம் திரும்பியது என்பது விளங்கும். 2016-இல் வந்த ஸோனியின் 85 மில்லிமீட்டர் ஜி-மாஸ்டர் லென்ஸில் பதினொரு இதழ்கள்! மக்கள் பின்புலத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வளைந்த இதழுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வில்லின் வளைவு ஒரேயொரு வட்டத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். அகன்ற துவாரத்திலிருந்து இரண்டு படி (ஒரு படிக்கு ஒளி பாதியாகும்) சுருங்கும்வரை வட்டம் கெடாதபடி நிபுணர்கள் அந்த வளைவைத் தேர்கிறார்கள். அதற்கு மேலும் சுருக்கினால், பக்கங்கள் சற்றே புடைத்த பலகோணம் மெல்லத் தலைகாட்டும். பின்புல மங்கலைத் தேடுகிறவர் அத்தனை சுருக்குவதில்லையாதலால் இது குறையாகத் தோன்றுவதில்லை. மாறாக, இயற்கைக் காட்சிகளை எடுப்போர் 11, 16 என்று சுருக்கிச் சூரியனை நட்சத்திரமாகக் காட்ட விரும்புவர். நேரான விளிம்பைத் தொட்டு ஒளி வளைவதால் விளிம்புக்குக் குறுக்காக இருபுறமும் கதிர் பிறக்கிறது. இதழ்கள் இரட்டைப்படையாயின் எதிரெதிர் விளிம்புகளின் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எட்டு இதழுக்கு எட்டுக் கதிர். ஒற்றைப்படையாயின் அவ்வாறு விழாததால் ஒன்பது இதழுக்குப் பதினெட்டுக் கதிர். இந்தக் கதிர்கள் கூர்மையாக நிற்க நேர் விளிம்பு வேண்டும். மங்கல் மென்மையாக இருக்க வளைந்த விளிம்பு வேண்டும். ஓர் இதழிடம் இரண்டையும் முழுமையாகக் கேட்க முடியாது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, இதழ்கள் கூடினால் எல்லாம் கூடிவிடும் என்று மாணவ நண்பர்கள் முடிவு கட்டிவிடலாகாது. முழுவதும் திறந்திருக்கும்போது இதழ்கள் குழலுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. ஐந்து இதழ் லென்ஸும் அப்போது வட்டமே காட்டும். 1975-இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ திரைப்படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே சில காட்சிகளை எடுக்க, ஸ்டான்லி குப்ரிக் பயன்படுத்திய ஸைஸ் நிறுவனத்தின் 50 மில்லிமீட்டர் லென்ஸின் எஃப்-எண் 0.7, அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்ட பத்து லென்ஸ்களில் மூன்றை அவர் பெற்றார். அத்தனை சொற்ப ஒளியில் இதழ்களைச் சுருக்கும் பேச்சுக்கே இடமில்லை. முழுத் திறப்பில் வடிவத்தை ஆளுவது குழலின் விளிம்பு. படத்தின் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வரும் கிரணங்களை முன்விளிம்பு ஒருபுறமும் பின்விளிம்பு மறுபுறமும் வெட்டுவதால், நடுவில் வட்டமாக இருக்கும் தட்டு ஓரத்தில் பூனைக்கண்போல் ஒடுங்கிவிடும். ஸைஸின் பயோட்டார் லென்ஸை ஒட்டி ஸோவியத் நாட்டில் செய்த ஹீலியோஸ்-44 லென்ஸில் இந்தக் கண்கள் நடுவைச் சுற்றி அணிவகுப்பதால், பின்புலமே சுழல்வதுபோல் தோன்றும். அதை விரும்பியே வாங்குவாரும் உண்டு. ஒரு படியோ இரண்டு படியோ சுருக்கினால் கண்கள் மீண்டும் வட்டமாகத் திரளும். அந்த வேளையில்தான் இதழ்களின் பொறுப்பு தொடங்குகிறது: ஓரத்து ஒடுக்கத்தைத் தீர்க்கச் சுருக்கிய கையே மூலைகளைக் கொண்டுவந்துவிடாதபடி காப்பது அவற்றின் கடமை.

வட்டத்தின் எல்லையைப் போலவே, அதற்குள் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். லென்ஸின் நடுவே வரும் கிரணங்களும் ஓரத்தே வரும் கிரணங்களும் ஒரே இடத்தில் கூடாத கோளப் பிறழ்ச்சி என்ற தோஷத்தை அளவுக்கு மிஞ்சித் திருத்திவிட்டால், பின்புல வட்டங்களின் விளிம்பு ஒளிர்ந்து சோப்புக் குமிழிகளாகும். டிரையோபிளானின் கீர்த்தியே அந்தக் குமிழிகள்தான். குறைவாகத் திருத்தினால் விளிம்பு மங்கி, வட்டங்கள் ஒன்றோடொன்று இழையும்; ஆனால் முன்புலத்தில் இதற்கு நேர்மாறான விளைவு வரும். இந்தத் தோஷத்தையே புகைப்படக்காரரின் கையில் ஒரு வளையமாகக் கொடுத்தது நிக்கான், 1990-இல் வெளியிட்ட 135 மில்லிமீட்டர் டி.சி. லென்ஸில். 1999-இல் மினோல்டா இன்னும் ஒரு படி மேலே சென்றது. நடுவில் தெளிவாகவும் ஓரத்தை நோக்கிப் படிப்படியாக இருண்டும் செல்லும் கண்ணாடி ஒன்றைத் தன் 135 மில்லிமீட்டர் எஸ்.டி.எஃப். லென்ஸில் வைத்தது, அதனால் வட்டத்துக்கு விளிம்பென்று ஒன்று இல்லாமலே போயிற்று. அதற்கு விலையாக, துவாரம் 2.8 ஆயினும் உள்ளே வரும் ஒளி 4.5-க்கு உரியதே. அந்த லென்ஸில் ஒன்பது இதழ் கொண்ட தானியங்கித் துவாரமும், பத்து இதழ் கொண்ட கைத்துவாரமும் என இரண்டு உண்டு. மங்கலின் மென்மைக்காகவே ஒரு லென்ஸுக்கு இரண்டு துவாரங்களைப் படைத்த சங்கற்பத்தை நினைக்கும்போது எனக்கு மரியாதை உண்டாகிறது.

ஜப்பானியர்கள் இந்த மங்கலைப் ‘பொகே’ என்கிறார்கள். 1997-இல் ‘ஃபோட்டோ டெக்னிக்ஸ்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த மைக் ஜான்ஸ்டன், இச்சொல்லைக் கட்டுரைகளின் வாயிலாக ஆங்கில வாசகர்களிடையே பரப்பினார். பெயர் கிடைத்ததும் பொருள் கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனை மங்கல் என்று மட்டும் கேட்டவர்கள், எத்தகைய மங்கல் என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்பவர்கள் பெருகவே, செய்பவர்களும் இதழ்களைக் கூட்டி வளைத்தார்கள். ரசிகனின் கேள்வியும் தொழிலாளியின் கவனமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, லென்ஸ் வாங்கப்போகும் மாணவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. விளம்பரத்தில் உள்ள இதழ்களின் எண்ணிக்கையைப் பிரமாணமாகக் கொள்ளாதீர்கள். ஓர் இரவில், இருண்ட கூடத்தின் கோடியில் வரிசையாக நாலைந்து அகல் விளக்குகளை ஏற்றிவையுங்கள். அருகில் ஒரு பொருளை நிறுத்தி அதற்கு லென்ஸைக் குவித்து, முழுத் திறப்பிலும், பிறகு ஒவ்வொரு படியாக 5.6 வரையிலும் படமெடுங்கள். விளக்குகள் ஓரத்தில் ஒடுங்குகின்றனவா, எந்தப் படியில் மூலை தோன்றுகிறது, விளிம்பு ஒளிர்கிறதா மங்குகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். கூடம் நீளமற்றதாயின் சுடர் சற்றுப் பெரிதாகத் தெரிந்து வட்டத்தின் விளிம்பைக் கலைக்கலாம். அப்போது ஒவ்வொரு விளக்குக்கும் முன்னால் ஊசித்துளையிட்ட தகரத்தை நிறுத்தி வையுங்கள். அந்தப் படங்களின் வரிசையில் உங்கள் லென்ஸின் சுபாவம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும்.

அவ்வாறு பார்க்கும்போது, அந்த வட்டங்களுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கேர்லிட்ஸிலோ ஸோவியத் நாட்டின் ஏதோ ஓர் ஊரிலோ ஒரு தொழிற்சாலை மேசையில் அமர்ந்து, காகிதத்தினும் மெல்லிய இதழ்களைச் சிமிட்டாவால் ஒவ்வொன்றாக எடுத்து, பதினைந்தாவது இதழை முதலாவதின் அடியில் நுழைத்து வளையத்தை மூடியவர் அவர். தம் வேலை படத்தின் எந்த மூலையில் தெரியும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. அதைப் பார்க்கிறவரும் அது அவருடையது என்று அறிவதில்லை. எங்கள் ஊர்த் தேர்வீதியில் அந்தத் தகப்பனின் தோளுக்குப் பின்னால் விழுந்த ஒவ்வொரு முத்தும் அவர் அடுக்கிய துவாரத்தின் சாயல்.